எம் முப்பத்தொன்று நம்மைவிடப் பெரிது

ஜாதக நகலின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? என் வயதுக்காரர்களுக்குக் கட்டாயம் இருக்கும். இப்போதெல்லாம் ஜாதகம் போனிலேயே வந்து போனிலேயே போய்விடுகிறது, மூக்குக்கு வேலையே இல்லை. தொண்ணூறுகளில் அப்படியா? ஜெராக்ஸ் கடையிலிருந்து சுடச்சுட வரும் தாளில் லேசான கருகல் வாசனை இருக்கும். அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தபாலில் போடுவார்கள். உறையைப் பிரித்தால் சமையலறையும் தபால் ஆபீசும் சேர்ந்து மணக்கும். எங்கள் சிந்துபூந்துறை வீட்டில் ஒரு மார்கழியும் தையும் முழுக்க அந்த வாசனைதான். எனக்கு அப்போது பதினோரு வயது.

ஜாதகங்கள் வந்தது என் சித்திக்கு. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தாத்தா காலமான பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தாள். என் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, இரட்டைச் சடை பின்னுவது, கணக்கு நோட்டைப் பார்த்து "இது கணக்கா, கோலமா?" என்று கேட்பது எல்லாம் அவள்தான். அம்மா பெற்றதோடு சரி. இதை அம்மா படித்தால் வருத்தப்படுவாள், ஆனாலும் உண்மை அதுதான்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க். எதற்கும் எண் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கரண்ட் பில்லுக்கு 'ஈ', ரேஷனுக்கு 'ஆர்', என் பள்ளிக்கூடத்துக்கு 'எஸ்' என்று இங்கிலீஷ் எழுத்துப் போட்டு ஃபைல் வைத்திருந்தார். மாப்பிள்ளைகளுக்கு 'எம்'. முதலில் வந்த ஜாதகம் எம் 1, அடுத்தது எம் 2. பொங்கலுக்குள் எம் 53 வரை வந்துவிட்டது. அத்தனையும் ஓட்டை போட்டு, பச்சை டேக் நாடாவில் கோர்த்து, பீரோவுக்கு மேலே பத்திரமாக இருந்தன. "பைய பாத்துத்தான் எடுக்கணும். எதுலயும் ஒரு ஒழுங்கு வேணும்லா?" என்பார்.

சித்திக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல் வந்திருந்தது. விண்மீன் திரள்களைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. கேலக்ஸி என்று சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கிப் போகும். அப்பா முடியாது என்று சொல்கிற மனிதர் இல்லை. அலுவலக முறைப்படி ஓர் ஏற்பாடு சொன்னார்.

"ஏம்மா, ஐம்பத்து மூணு ஜாதகமும் இருக்கு. பாரு. தை முடியறதுக்குள்ள இதுல ஒண்ணு உனக்குப் பிடிச்சா முடிச்சுருவோம். ஒண்ணும் பிடிக்கலையா, நானே கூட்டிட்டுப் போயி பெங்களூர்ல விட்டுட்டு வாரேன். இது என் வாக்கு."

சித்தி ஒரு ஜாதகத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. நாட்காட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தை முடிய இருபத்தெட்டு நாள், இருபத்தேழு நாள் என்று அவள் எண்ண எண்ண நானும் கூடவே எண்ணினேன். பெங்களூர் எவ்வளவு தூரம் என்று அம்மாவிடம் கேட்டேன். "ராத்திரி முழுக்க பஸ்ல போவணும்" என்றாள். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பொங்கல் லீவில் ஒருநாள் சாயங்காலம் சித்தி என்னைப் படித்துறைக்குக் கூட்டிப்போனாள். மழைக்காலம் முடிந்து ஆறு தெளிந்திருந்தது. வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன மணல் ஈரமாக, கால் வைத்தால் குளிர்ந்து கிடந்தது. கோயிலுக்கு வாங்கியதுபோல இரண்டு முழம் பிச்சிப்பூவைச் சித்தி வாழையிலையில் சுற்றி வைத்திருந்தாள். நான் அன்று காலையில் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பயணம். 'எல்லா கேலக்ஸியும் ஒரே சைஸா?' என்று கேட்டிருந்தேன்.

"கைய விரிடி" என்றாள். விரித்தேன். "இந்தக் கட்டைவெரல்ல இருந்து சுண்டுவெரல் வரைக்கும் ஒரு சாண். இதுதான் நம்ம கேலக்ஸி. பால்வீதி. வெளிச்சம் இந்த ஓரத்துல கிளம்பி அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர லட்சம் வருஷம்."

"உங்க கையால அளந்தா?"

"நீ கேட்ட கேள்விதானே? உன் கையாலயே அளப்போம்."

என் சாணால் மணலில் ஒரு வட்டம் போட்டாள். அதிலிருந்து இருபத்திரண்டு சாண் தள்ளி, என் முழத்துக்கு இன்னொரு வட்டம். அது ஆண்ட்ரோமிடா. பிச்சிப்பூச் சரத்தை அதற்குள் சுருள் சுருளாக வளைத்து வைத்தாள், அந்தச் சுருள்கள்தான் அதன் கைகளாம். அதன் பக்கத்திலேயே நகக்கண் அளவுக்கு ஒரு சின்னது. அரைச் சாணில் ஒன்று, ஒன்றரைச் சாணில் ஒன்று. பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்தாள். எங்கோ வெகுதூரத்தில் ஒரு பூதம் இருக்கிறதாம், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லையாம், வெறும் நம்பர்தானாம். அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு என் கையால் அறுபது சாண். அளந்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. பாவாடையெல்லாம் ஈரம்.

குளித்துவிட்டு ஏறிய ஒருவர் நின்று பார்த்தார். "என்ன பிள்ளைகளா, வீடு கட்டவா அளக்கிய?"

"ஆமா அண்ணாச்சி. கொஞ்சம் பெரிய வீடு" என்றாள் சித்தி.

"மழை வந்தா கரைஞ்சிருமே!"

சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஓர் எருமை வந்து ஆண்ட்ரோமிடாவை மிதித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பிச்சிப்பூ அதன் குளம்பில் ஒட்டிக்கொண்டு போனது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, எங்கள் வட்டங்களின் விளிம்பு மட்டும் நிழலாகத் தெரிந்தது. சித்தி பால்வீதிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சித்தி என்றால் அந்த உருவம்தான். அதில் அவளுக்கு இருபத்து மூன்று வயது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. ஊரே திட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். வடமேற்கே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நேரா பாக்காத. நேரா பாத்தா மறைஞ்சிரும். அதுக்குப் பக்கத்துல பாரு. ஓரக்கண்ணால."

ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆமாம், இருந்தது. கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஒரு சின்னப் புகை. நான் மணலில் முழம்போட்டு அளந்தது அதுதான் என்று நம்பவே முடியவில்லை.

மறுநாள் இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி நச்சரித்தேன். அப்பா சித்தியின் ஜாதகத்தை ஐம்பது நகல் எடுத்திருந்தார். அதில் கறை விழுந்தவை கணக்குப்போட எனக்கு வரும். அப்படி ஒரு தாளின் பின்பக்கத்தில் சித்தி எழுதிக் கொடுத்தாள். அந்தத் திரள்களுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் எப்போதோ வரிசை எண் போட்டிருக்கிறார். அவர் பெயரின் முதல் எழுத்து எம். அவர் தேடியது வால்நட்சத்திரமாம். 'இது நான் தேடுவது இல்லை' என்று தள்ளிவைத்தவற்றுக்குத்தான் அந்த எண்களாம். வேண்டாததற்கு எண் போடுகிற ஆள் உலகத்தில் எங்கள் அப்பாவோடு இன்னொருவரும் இருந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சிரிப்பு.

அந்தத் தாளில் இருந்தது எனக்கு இன்றும் எழுத்துப் பிசகாமல் தெரியும்.

'எம் 31: நம்மைவிடப் பெரிது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது. நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடலாம். அவசரமில்லை.

எம் 32: மிகச் சிறியது. 31-ஐ விட்டு அகலாது.

எம் 33: நம்மில் பாதி. நல்ல இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும்.

எம் 49: நம்மைவிடப் பெரிது. உருண்டை. கைகள் கிடையாது. வயதானது.

எம் 51: நம்மைவிடச் சிறிது. பக்கத்திலுள்ள சின்னதைக் கைநீட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது.'

இரண்டு நாள் கழித்து, அந்தத் தாள் அப்பாவின் எம் ஃபைலுக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகம் போயிருந்தாள். அப்பா ஃபைலைத் தூசி தட்டப் பிரித்தவர், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. உன் தங்கச்சி ஒண்ணும் பாக்கலன்னு நெனச்சேன். சத்தங்காட்டாம எல்லாத்தையும் பாத்து குறிப்பு எழுதி வச்சிருக்கா!"

அம்மா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒவ்வொன்றாகப் படித்தார்.

"கை இல்லாதவனையா அந்தத் தரகர் கொண்டுவந்தான்? எடுபட்ட பய" என்றாள் அம்மா.

"நாப்பத்தொம்பதுக்கு வயசும் கூடத்தான். சரியாத்தான் எழுதியிருக்கா. ஆனா இந்த ஐம்பத்தொண்ணு... பக்கத்துல இருக்க சின்னதக் கை நீட்டி இழுக்கான்னு எழுதியிருக்காளே, இது அவளுக்கு எப்படித் தெரியும்? நல்ல குடும்பம்னுல்லா சொன்னாங்க!"

"முப்பத்து மூணு இருட்டுல தெரியுமாம். அப்ப நெறமாத்தான் இருப்பான் போல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, வந்ததும் என்மீதே வெறுப்பாக இருக்கிறது. அப்பா முப்பத்தொன்றுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எம் 31 வண்ணார்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர்களின் மகன். எங்கள் வீட்டைப்போல் இரண்டு மடங்கு வீடு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். வந்த வரன்களில் அதைவிடப் பக்கத்தில் எதுவும் இல்லை. அவர்கள் பக்கத்திலிருந்து தரகர் ஏற்கெனவே மூன்று தடவை வந்துவிட்டார்.

"நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடலாம்" என்று அப்பா இரண்டாம் முறை படித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வாய்விட்டுச் சொல்லத் தெரியாம எழுதி வச்சிருக்கா பாருங்களேன்."

அப்பா எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இது உங்க சித்தி எழுதுனதுதானா?"

"ஆமா."

"மாப்பிள்ளைங்களப் பத்தித்தானா?"

ஒரு நொடி. ஒரு சின்னச் சொல் சொல்லியிருந்தால் போதும். 'நட்சத்திரம்ப்பா' என்றால் முடிந்துபோயிருக்கும். எனக்கு இரவு பஸ் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு லட்சம் ஒளியாண்டு எனக்கு ஒரு பொருட்டே இல்லை, அதை நான் நடந்தே பார்த்தவள். பெங்களூர்தான் பயம். வண்ணார்பேட்டைக்கு நானே நடந்து போய்விடலாம்.

"ஆமா" என்றேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போது வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். புதன்கிழமை காலை பெண் பார்க்க வருகிறார்கள், கையோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

சித்தி மத்தியானம் வந்தாள். அப்பா இருந்த சந்தோஷத்தில் தாளை அவள் கையிலேயே கொடுத்து விஷயத்தைச் சொன்னார். சித்தி ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பி, தன் ஜாதகக் கட்டத்தைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"அத்தான், இது வானத்துல இருக்கது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வெட்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைக் காட்டினாள். எம் 31, எம் 33, எம் 51, எல்லாம் படத்தோடு இருந்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"சின்னவகிட்டயும் கேட்டுக்கிட்டேனேம்மா" என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

அப்பா எழுந்தார். "தப்பு என்னுது. நானே போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்." கொடியில் போட்ட சட்டையை மறுபடி எடுத்தார். ஒரு கையை மாட்டிவிட்டு இன்னொரு கை எங்கே என்று தேடினார். அப்பா நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. கேட்காமலே வாக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்றுகூட அவருக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் வாக்கை மீறிப் பழக்கமில்லாத மனிதர் வாசலில் செருப்பு மாட்டத் தெரியாமல் நின்றதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. சித்திக்கும் கேட்கவில்லை.

"சவத்த விடுங்க அத்தான். பாத்துட்டுப் போட்டும். பாத்தா என்ன?"

புதன்கிழமை வந்தார்கள். பார்த்தார்கள். சித்தி ஓரக்கண்ணால்கூட யாரையும் பார்க்கவில்லை. "எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று அவர்கள் சொன்னபோது எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் ஒரு வழக்கம், உங்களுக்குத் தெரியாததா? பெங்களூர் நேர்காணல் தேதியன்று முகூர்த்தப் புடவை எடுத்தார்கள். எனக்கும் ஒரு பட்டுப்பாவாடை வாங்கினார்கள். ஆக்கங்கெட்ட நான் அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிக் காட்டினேன்.

சித்தப்பாவைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட முடியாது. கல்யாணமான மறு வருடம் விஷயத்தைக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மதுரையிலிருந்து லென்ஸ் வரவழைத்து, கடையிலிருந்த பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, சித்திக்கு ஒரு தொலைநோக்கி செய்துகொடுத்தார். அதில் எம் 31-ஐப் பார்த்துவிட்டு, "இதுவா நானு? பஞ்சுத் துணுக்கு மாதிரில்லா இருக்கு!" என்றார். சித்தி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையானாள். நான் நினைத்த நேரமெல்லாம் பாலத்தைத் தாண்டிப் போய் அவளிடம் தலை பின்னிக்கொண்டேன். நான் ஆசைப்பட்டது அப்படியே எனக்குக் கிடைத்தது.

போன தை மாதம் வண்ணார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்த நேரம். நான் தலைக்குச் சாயம் பூசுகிறேன். அவள் பூசுவதில்லை. கீழே பஸ்களின் இரைச்சல், கடைகளின் வெளிச்சம். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் சித்தி. "அது நம்மள மாதிரி ரெண்டு மடங்குன்னு சொன்னேன்லா? இப்ப அப்படி இல்லையாம். எடை போட்டுப் பாத்தா நாமளும் ஏறக்குறைய அதுக்குச் சமந்தான்னு சொல்லுதாங்க. நாம அதுக்குள்ளேயே உக்காந்துகிட்டு அளக்கோம்லா, நம்ம அளவு நமக்குத் தெரியல."

முப்பது வருடமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "சித்தி, அந்தத் தாளு... அப்பா ஃபைலுக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"அதுவா?" சித்தி சட்டென்று குறுக்கிட்டாள். "அத அங்கன வச்சதே நாந்தானட்டி. பெங்களூர் போவ எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. போவலன்னு வாய் தொறந்து சொல்ல வெக்கம். அதான் அத்தான் கண்ணுல படட்டும்னு கோர்த்து வச்சேன். நீ அப்ப சின்னப் பிள்ள. உனக்கு என்ன தெரியும்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வானத்தில் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த மத்தியானம், முக்காலியைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து அந்த ஃபைலை எடுத்தவள் நான். பச்சை டேக்கை அவிழ்த்து, தாளில் பென்சில் முனையால் ஓட்டை போட்டு, எம் 31-க்கும் எம் 32-க்கும் நடுவில் கோர்த்து, அப்பா கட்டுவதுபோலவே முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினேன். சித்தி அந்த ஃபைலைத் தன் கையால் தொட்டதே இல்லை.

"என்னட்டி, பேசாம இருக்க? நாந்தான் வச்சேன். சரிதானே?" என்றாள் சித்தி.

கீழேயிருந்து சித்தப்பா, "என்ன, நான் தெரியுதேனா?" என்று சத்தம் கொடுத்தார்.

"ஆமா சித்தி" என்றேன்.